உலக சாம்பியன் காருக்கு மாருதி எஞ்ஜின்!

முதலில் ஒரு குட்டிக் கணக்கு. மாருதி 800 எஞ்ஜின் 796 சிசி. அதை இருபதில் ஒரு பங்காகச் சுருக்கினால் எவ்வளவு வரும்? நாற்பது சிசி என்று வாய் முந்திக்கொள்ளும். ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றுமே இருபதால் வகுபடுவதால் மொத்தத்தை 8,000-ஆல் வகுக்க வேண்டும். விடை 0.1 சிசி. மருந்து டிராப்பரில் எடுத்தால் இரண்டே சொட்டு!

அந்த ரெண்டு சொட்டு எஞ்ஜினை, 1978-ல் மரியோ ஆண்ட்ரெட்டி ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆன லோட்டஸ் 79-ன் முதுகில் ஏற்றும் வேலை கோவை கணபதியில், ஒரு லேத் பட்டறையின் மாடி அறையில் நடக்கிறது. வாங்க, எட்டிப் பார்க்கலாம். ஃபேன் சுவிட்சை மட்டும் தொட்டுவிடாதீர்கள். காற்று வந்தால் இங்கே நட்டு போல்ட்டெல்லாம் பறக்கும்.

மேசைக்குப் பின்னால் இருப்பவர் அண்ணன். பகலில் கீழே பம்பு ஷாஃப்ட் கடைசல், ராத்திரி மாடியில் பிளாஸ்டிக் கார். "பேரெல்லாம் போட்றாதீங்க. ஆர்டர் குடுத்தவங்க பாத்தா, எங்க ஷாஃப்ட் என்னாச்சுங்கம்பாங்க" என்கிறார். பெயர் போடவில்லை.

மேசையில் விரித்துக் கிடப்பது ஜப்பானின் தமியா நிறுவனம் போட்ட 1:20 அளவு கிட். சொன்னபடி ஒட்டினால் கறுப்பும் தங்கமுமாக அழகான லோட்டஸ் வரும். அண்ணன் சொன்னபடி செய்கிற ஆளா? கிட்டோடு வரும் எஞ்ஜின் காஸ்வொர்த் டிஎஃப்வி. எட்டு சிலிண்டர், 2,993 சிசி. 1967-ல் முதல் பந்தயத்திலேயே ஜெயித்து, ஃபார்முலா ஒன்னில் 155 வெற்றிகளைக் குவித்த மகா எஞ்ஜின். நம் சொட்டுக் கணக்கில் ஏழரை. "ஏழரையைக் கழட்டி வெச்சுட்டு ரெண்டை மாட்டறனுங்க" என்று அண்ணன் சிரிக்கும்போது மேசை குலுங்குகிறது. நான் அனிச்சையாக ஒரு டயரைப் பிடித்துக்கொள்கிறேன்.

ஏன் மாருதி? இந்த ஊரில் அப்படிக் கேட்கலாமா! 1980-களின் கடைசியில் கோவையின் எஸ். கரிவரதன் செய்ததே அதுதானே. வீட்டு வாசலில் நிற்கிற மாருதி 800-ன் எஞ்ஜினை எடுத்து, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி, ஃபைபர் கிளாஸ் உடம்பு போர்த்தி, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஆக்கினார். அதுதான் ஃபார்முலா மாருதி. வெளிநாட்டு ரேஸ் கார் வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்கும் பந்தயத் தடம் திறந்தது. கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் ஸ்ரீபெரும்புதூரில் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது ஃபார்முலா மாருதியில்தான். 2005-ல் அவர் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் இறங்கினார், இந்தியாவிலிருந்து முதல் ஆள். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த காரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

ஆக, அண்ணனின் கார் ஃபார்முலா மாருதியின் அச்சு அசல் நகல் இல்லை. ஒரு குறும்புக் கேள்வி: கரிவரதன் கையில் அன்றைக்கு லோட்டஸ் உடம்பு கிடைத்திருந்தால்?

சரி, கழற்றலாமா? இங்கேதான் விஷயமே இருக்கிறது. சாதாரணக் காரில் எஞ்ஜின் ஒரு சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும். தூக்கினாலும் கார் காராகவே நிற்கும். லோட்டஸில் அப்படியில்லை. ஓட்டுநர் உட்காரும் தொட்டியின் பின்சுவரில் எஞ்ஜினை முடுக்கியிருப்பார்கள். எஞ்ஜினின் முதுகில் கியர்பாக்ஸ், அதன் மேல் பின்சக்கரங்களின் சஸ்பென்ஷன். நடுவில் சட்டம் என்று ஒன்று கிடையாது, எஞ்ஜினே எலும்பு. எஞ்ஜினை எடுத்தால் கார் இரண்டு துண்டு! முன்னாடி ஒரு தொட்டி, பின்னாடி ரெண்டு அநாதைச் சக்கரம்.

மாருதி எஞ்ஜினுக்கு அந்த எலும்பு வேலை தெரியாது. அது ரப்பர் மவுண்டிங்கில் குறுக்காக உட்கார்ந்து பழகியது. குறுக்கே வைத்தால் நீளமும் போதாது. ஒல்லி மாப்பிள்ளை அண்ணனின் சட்டையைப் போட்ட கதையாக நாலாபுறமும் இடம் தொங்குகிறது. "எஞ்ஜின் மாத்தறது பெரிய வேலையில்லீங்க. அதைச் சுத்தி இருக்கறத மாத்தறதுதான் வேலை" என்கிறார் அண்ணன். பெரிய காரோ குட்டிக் காரோ, எஞ்ஜின் மாற்றுகிற எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

சுற்றி இருப்பதற்குக் குழாய்ச் சட்டம் வேண்டும், கரிவரதன் வழியிலேயே. நிஜத்தில் ஒரு அங்குலக் குழாய் என்றால் இந்த அளவில் 1.27 மில்லிமீட்டர். அப்படி ஒரு குழாய் எங்கே கிடைக்கும்? மருந்துக் கடையில்! இளஞ்சிவப்புத் தலை வைத்த 18 கேஜ் இஞ்செக்‌ஷன் ஊசியின் வெளி விட்டம் சரியாக 1.27 மில்லிமீட்டர். எனக்குக் கைதட்டலாம்போல இருந்தது. அத்தனை ஊசியை மொத்தமாகக் கேட்டபோது கடைக்காரர் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாராம்.

கட்டிங் பிளேயர் வைத்தால் ஊசி நசுங்கிவிடும். அதனால் உள்ளே மெல்லிய கம்பியைச் செருகி, சின்ன கிரைண்டிங் டிஸ்க்கால் உரசி அறுக்கிறார். ஒரு குழாய் இன்னொன்றின் மேல் பதிந்து உட்கார, முனையை வட்ட அரத்தால் பிறை வடிவில் குடைகிறார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சாதாரண சால்டர் பிடிக்காது என்பதால் இணைப்பெல்லாம் அரால்டைட். அளவுப்படி வரைந்த காகிதத்தைப் பலகையில் ஒட்டி, குண்டூசி நட்டு, நடுவில் குழாய்களைக் கிடத்தியிருக்கிறார். கீழே பட்டறையில் வேலைப் பொருளை அசையாமல் பிடிக்கிற நிஜ ஜிக் எப்படி இருக்குமோ, அதேதான் இங்கே உள்ளங்கை அளவில்.

இப்போது கதாநாயகன். இந்த அளவில் மாருதி எஞ்ஜின் எந்தப் பெட்டியிலும் வராததால், அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டை அடுக்கி ஒட்டி, ராவி, மூன்று சிலிண்டர் பிளாக்காகச் செதுக்கியிருக்கிறார். நிஜ சிலிண்டரின் போர் 68.5 மில்லிமீட்டர், இங்கே 3.4. பக்கத்தில் கறுப்பாக டைமிங் பெல்ட் கவர். போல்ட் தலைகள் பிளாஸ்டிக் கம்பியை வெங்காயத்தாள் கனத்துக்குச் சீவியவை. சாமணத்தில் ஒன்றை எடுத்து வைக்கும்போது நாங்கள் இருவருமே மூச்சு விடவில்லை. நழுவினால் தேடிப் பயனில்லை, அடுத்ததைச் சீவ வேண்டியதுதான்.

பிளக் ஒயர்தான் என் மனம் கவர்ந்த சங்கதி. நிஜ ஒயர் 7 மில்லிமீட்டர் என்றால் இங்கே 0.35 வேண்டும். பம்பு மோட்டார் காயில் சுற்றும் 29 கேஜ் செம்புக் கம்பி 0.345! பம்புசெட் ஊரில் அதற்கா பஞ்சம்? ரீவைண்டிங் கடையில் வெட்டிப் போட்ட துண்டை வாங்கிவந்து கறுப்படித்து, டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து மூன்று பிளக்குக்கும் வளைத்துவிட்டார். சைலன்சர் குழாய்க்கு சால்டர் கம்பி, விரலாலேயே வளைகிறது. எட்டுக் குழாய் பின்னிக் கிடந்த இடத்தில் இப்போது மூன்று கூடி ஒன்றாகிறது. சூட்டில் நிறம் மாறியதுபோல நுனியில் பழுப்பும் நீலமும் லேசாகத் தடவியிருக்கிறார். சீட் பெல்ட்? திருப்பூரில் பனியனுக்குத் தைக்கிற லேபிள் நாடா!

உடம்புக்கு மஞ்சள் பெயின்ட், ஈரோட்டு மஞ்சள் நிறம். 400, 800, 1500 என்று உப்புத்தாள் மாற்றி மாற்றித் தேய்த்து, பிரைமர் அடித்து, ஏர்பிரஷ்ஷில் மெல்லிய பூச்சுகள். முதல் பூச்சு நன்றாகக் காயாமல் அடுத்ததை அடிக்கவே மாட்டார். பட்டறையில் அவசரப்படுத்தும் அதே மனிதரா என்று ஆச்சரியமாக இருக்கிறது.

கடைசிப் பரீட்சை, எஞ்ஜின் மூடி மூடுகிறதா என்பது. வைத்துப் பார்த்தால் ஏர் ஃபில்டர் தலையில் இடிக்கிறது. மூடியில் ஓட்டை போட்டுவிடலாமே என்றேன். முறைத்தார். "ஓட்டை போட்டா பொருத்துனதாகாதுங்க." ஃபில்டரைக் கழற்றி, மவுண்டிங்கைக் கொஞ்சம் ராவி, எஞ்ஜினைப் பின்பக்கம் சாய்த்து மறுபடி வைத்தார். டக்! மூடி உட்கார்ந்துவிட்டது. நான் கத்தியேவிட்டேன்.

நிஜத்தில் காஸ்வொர்த் தந்தது ஏறக்குறைய 480 குதிரைத்திறன், மாருதி 800 தந்தது நாற்பதுக்கும் கீழே. உலகத்திலேயே மெதுவான லோட்டஸ் 79 கணபதியில்தான் இருக்கும் என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனாலும் இருப்பதை வைத்துப் பொருத்திவிடுகிற கை இந்த ஊருக்கு இன்னும் விட்டுப்போகவில்லை. கரிவரதனுக்குப் பின் வந்த, கோவை எல்ஜிபி நிறுவனத்தின் ஃபார்முலா கார்கள் சிலவற்றின் முதுகிலும் 1,300 சிசி மாருதி எஞ்ஜின்தான் உட்கார்ந்தது.

பட்டறைப் பையன் டீயோடு மேலே வந்தான். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எவ்ளோ ஸ்பீடு போகுங்ணா?" என்றான்.

"மேசைல இருந்து விழுந்தா நல்ல ஸ்பீடுதான் போகும். டீயை அந்தப் பக்கம் வெய்யி சாமி!"