இரைச்சலுக்குள் இருக்கும் ப்ளூஸ்

கருத்தரங்கில் இந்த முறை என் பங்குக்கு ராக் இசையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும், முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "ஏம்மா, அது பாட்டா, இல்லை வெறும் இரைச்சலா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால், அவர் கேட்டது நியாயமான கேள்வி. பக்கத்து வீட்டுப் பையன் கித்தாரைப் பெருக்கியில் இணைத்து அலற விடும்போது நமக்கும் அப்படித்தானே தோன்றுகிறது?

பொதுவாகப் பேசினால் பிடிபடாது என்பதால் ஒரே ஓர் இசைத்தட்டை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் லெட் செப்பலின் குழு 1969 ஜனவரியில் அமெரிக்காவில் வெளியிட்ட முதல் தட்டு. அதற்குக் குழுவின் பெயரேதான் பெயர். ஒன்பது பாடல்கள், முக்கால் மணி நேரம். 1968 செப்டம்பர், அக்டோபரில் லண்டன் ஒலிம்பிக் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்தார்கள். மொத்தம் ஏறக்குறைய 36 மணி நேர வேலைதான் என்று கித்தார் கலைஞர் ஜிம்மி பேஜ் பின்னாளில் சொன்னார். அப்போது அவருக்கு 24 வயது. பாடகர் ராபர்ட் பிளாண்டுக்கும் டிரம்ஸ் வாசித்த ஜான் போனத்துக்கும் 20. பேஸ் கித்தாரும் ஆர்கனும் வாசித்த ஜான் பால் ஜோன்ஸுக்கு 22.

மின்சார கித்தாரின் சத்தத்தை நீக்கிவிட்டால் இந்தத் தட்டில் என்ன மிஞ்சும்? பெரும்பகுதி ப்ளூஸ் மிஞ்சும். ப்ளூஸ் என்பது அமெரிக்காவின் தென் மாநிலங்களில், பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களிடையே பிறந்த பாட்டு. வேலை தேடி அவர்கள் வடக்கே சிகாகோ போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தபோது பாட்டும் கூடவே போனது. மடி வாட்டர்ஸ் 1943இல் மிசிசிப்பியிலிருந்து சிகாகோ போனார். இரைச்சல் மிகுந்த மதுக்கடைகளில் சாதாரண கித்தார் எடுபடவில்லை, அதனால் மின்சார கித்தாருக்கு மாறினார். பெரியவர் சொன்ன அந்த இரைச்சலின் தொடக்கம் ஒரு வகையில் இங்கேதான்.

ப்ளூஸ் பாட்டின் கட்டுமானம் மிக எளிமையானது. நான்கு எண்ணிக்கை கொண்ட சுற்று பன்னிரண்டு. அதற்குள் மூன்று வரிகள். முதல் வரியைப் பாடுவார்கள், அதையே திரும்பப் பாடுவார்கள், மூன்றாவது வரி அதற்குப் பதில் சொல்லும். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் சற்று இடம் விட்டிருக்கும். அந்த இடத்தில் கித்தாரோ ஹார்மோனிகாவோ பாடகருக்கு மறுமொழி கொடுக்கும். நம் கச்சேரியில் பாடகர் ஒரு சங்கதி போட, வயலின் அதைத் தொட்டுத் தொடர்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சுரமும் நேராக நிற்காது. நாம் சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரம் என்று பிரிக்கிறோமே, அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ தொட்டு இழுப்பார்கள். கம்பியை விரலால் வளைப்பதே அதற்காகத்தான்.

இந்தத் தட்டின் மூன்றாவது பாடல், 'யூ ஷுக் மீ', இதற்கு நல்ல பாடம். தகவல் ஊடகத் துறை டிப்ளோமா படித்த நாளில் எங்கள் ஒலிப்பதிவு ஆசிரியர் முதலில் மடி வாட்டர்ஸ் 1962இல் பாடியதைப் போட்டார், அடுத்து இதைப் போட்டார். மடி வாட்டர்ஸின் பாட்டு மூன்று நிமிடங்கூட இல்லை. ஏர்ல் ஹூக்கர் என்ற கித்தார் கலைஞர் முன்பே வாசித்து வைத்திருந்த இசையின் மேல் அவர் குரலைச் சேர்த்தார்கள். குரலும் கித்தாரும் ஒரே மெட்டில் போகும். லெட் செப்பலின் அதையே ஆறு நிமிடங்களுக்கு மேல் நீட்டியது. ஆர்கன், ஹார்மோனிகா, கித்தார் என ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று. கடைசியில் பிளாண்டின் குரலும் பேஜின் கித்தாரும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொள்ளும். அந்த இடம் வரும்போது வகுப்பில் ஒருவரும் பேசவில்லை. எனக்கு ராக் இசை பிடித்துப்போனது அன்றுதான்.

இனி, கொஞ்சம் கசப்பான விஷயம். இந்தப் பாட்டெல்லாம் யாருடையது?

'யூ ஷுக் மீ', 'ஐ காண்ட் குவிட் யூ பேபி' இரண்டுக்கும் வில்லி டிக்ஸன் பெயரைத் தட்டில் ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். 1915இல் மிசிசிப்பியில் பிறந்து, சிகாகோவில் மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர் அவர். ஆனால், அதே ஆண்டு வந்த இரண்டாவது தட்டின் புகழ்பெற்ற 'ஹோல் லாட்டா லவ்' பாடலில் அவர் பெயரைக் காணோம். மடி வாட்டர்ஸுக்காக அவர் எழுதிய 'யூ நீட் லவ்' பாடலின் சாயல் அதில் பலமாக இருந்தது. 1985இல் டிக்ஸன் வழக்குத் தொடுத்தார், 1987இல் சமரசமானது. பாடல் வெளியாகி 18 ஆண்டுகள் கழித்து!

முதல் தட்டிலும் கணக்கு சுத்தமில்லை. 'பேப் ஐம் கோனா லீவ் யூ' பாடலை மரபுப் பாடல் என்று அச்சிட்டார்கள். எழுதிய ஆன் பிரெடன் என்ற பெண்மணியின் பெயர் 1990 வாக்கில்தான் சேர்ந்தது. 'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்' பாடலில் பேஜ் வயலின் வில்லால் கித்தாரைத் தேய்க்கும் இடம் மெய்சிலிர்க்க வைக்கும். ஆனால், அதே பெயரில் ஜேக் ஹோம்ஸ் என்பவர் 1967இலேயே பாடல் வெளியிட்டிருந்தார். அவர் 2010இல் நீதிமன்றம் போனார், அதுவும் சமரசத்தில் முடிந்தது. 2012இல் வந்த குழுவின் நேரடி நிகழ்ச்சித் தட்டில் அவர் பெயர் 'தூண்டுதல்' என்ற அளவில் இடம்பெற்றது.

நாட்டுப்புற இசையில் ஒருவர் மெட்டை இன்னொருவர் எடுப்பது வழக்கம்தானே என்று வாதிடுபவர்கள் உண்டு. டிக்ஸனே பழைய சொற்றொடர்களைக் கையாண்டவர்தான். என்றாலும், மதுக்கடையில் பாடும்போது எடுப்பது வேறு, கோடிக்கணக்கில் விற்கும் தட்டில் எடுப்பது வேறு என்பது என் கருத்து. பெயர் அச்சிடுவது வெறும் மரியாதை அல்ல, உரிமைப்பணம் அதன் வழியாகத்தான் வருகிறது. அதற்காக நான் இந்தத் தட்டைக் கேட்பதை நிறுத்தவில்லை. மூலத்தையும் சேர்த்துக் கேட்கிறேன், அவ்வளவுதான்.

புதிதாகக் கேட்பவர்கள் முதல் பாடலில் கித்தாரை விட்டுவிட்டுப் போனத்தின் வலது காலைக் கவனியுங்கள். ஒற்றை மிதியில் அவர் கொடுக்கும் விரைவான அடிகளைக் கேட்டு, இரண்டு மிதி வைத்திருக்கிறார் என்றே பலர் நினைத்தார்களாம். 1980இல், 32 வயதில் அவர் இறந்தார். அத்தோடு குழுவையும் கலைத்துவிட்டார்கள். சிறிய ஒலிபெருக்கியில் அந்த அடி காணாமல் போய்விடும், நல்ல காதணிக் கருவி தேவை.

இன்னொன்று. இரண்டாம் பக்கத்தில் 'பிளாக் மவுண்டன் சைடு' என்று இரண்டு நிமிட வாத்திய இசை இருக்கிறது. ஐரிஷ் நாட்டுப்புற மெட்டு, கலைஞர் பெர்ட் ஜான்ஷ் வாசித்த பாணி. கூடவே தபலா! வாசித்தவர் விராம் ஜசானி. கருத்தரங்கில் அதைப் போட்டுக் காட்டியபோது, இரைச்சல் என்று சொன்ன அந்தப் பெரியவர் தொடையில் தாளம் போட்டதைக் கேமரா பிடித்துவிட்டது. நிகழ்ச்சி முடிந்ததும் என்னிடம் வந்து, "தபலா நல்லா இருக்கும்மா. மற்றதெல்லாம் கொஞ்சம் சத்தம்தான். அந்தக் கறுப்பர் பாடினது இன்னொன்று இருந்தால் பேரை எழுதிக் கொடு" என்றார். மடி வாட்டர்ஸ் பாடல்கள் நான்கின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.