சத்திரசிகிச்சைக்குப் பின் பூனையைப் பேணுதல்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருந்தெருவிலே, கட்டுகஸ்தோட்டையைக் கடந்து சில கிலோமீட்டர் சென்றால் அக்குறணையை அடையலாம். கடைகள் நெருங்கிய வீதியும், அதன் இருமருங்கும் மேலேறும் குன்றுகளும், மிளகும் கராம்பும் சாதிக்காயும் விளையும் வீட்டுத் தோட்டங்களும் உடைய ஊர் அது. பூனை அவ்வூரவர்க்கு அந்நியப் பிராணியன்று. நபித்தோழர் அபூஹுரைராவின் பெயருக்குப் பூனைக்குட்டியின் தந்தை என்பது பொருள் என்பதை அங்குள்ள பள்ளிச் சிறுவரும் அறிவர்.

அவ்வூரிலே ஒரு வீட்டை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். அவ்வீட்டின் நான்கு வயதுக் கடுவன் பூனை, காலையிலிருந்து தோட்டத்து மண்ணைப் பறித்துப் பறித்துக் குந்துகிறது, முக்குகிறது, ஈனக் குரலிற் கத்துகிறது. வீட்டார் மலச்சிக்கல் என்று எண்ணி ஆமணக்கெண்ணெய் பருக்குகிறார்கள். மறுநாள் அது உணவை மறுக்கிறது, வாந்தியெடுக்கிறது. உண்மையில் அதற்கு அடைபட்டிருப்பது மலமன்று, சிறுநீர். இந்த ஒரு பிழையே பல பூனைகளின் உயிரைக் குடிக்கிறது.

ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய், சிறுநீர்ப்பையை விட்டுப் புறப்படும் இடத்தில் ஓரளவு அகன்றும், ஆண்குறியினுள்ளே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுடையதாய் ஒடுங்கியும் அமைந்துள்ளது. சிறுநீரிலே தோன்றும் நுண்ணிய உப்புப் படிகங்களும் சளி போன்ற கழிவுகளும் சேர்ந்து அவ்வொடுங்கிய துளையை அடைத்துவிடுகின்றன. சிறு கற்களும் அங்கே சிக்குவதுண்டு. வெளியேற வழியற்ற சிறுநீர் பையை நிரப்பிச் சிறுநீரகங்களின் தொழிலைத் தடுக்க, இரத்தத்திலே பொற்றாசியத்தின் அளவு உயர்ந்து இதயத் துடிப்பு நிலைகுலைகிறது. முற்றாக அடைபட்ட பூனை இரண்டு மூன்று நாட்களுக்குள் இறந்துவிடலாம். அடைபட்ட வயிற்றை அழுத்திப் பார்ப்பதும் ஆகாது. நிரம்பிய பை வெடித்துவிடும்.

மிருக வைத்தியர் முதலில் மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி அடைப்பை நீக்க முயல்வார். அடைப்பு மீண்டும் மீண்டும் வருமாயின், அல்லது நீக்கவே முடியாதாயின், சத்திரசிகிச்சையை நாடுவார். ஒடுங்கிய பகுதியை அகற்றி, அதற்கு மேலுள்ள அகன்ற குழாயை விரித்துத் தோலோடு தைத்துப் புதிய வாயில் அமைப்பதே அச்சிகிச்சை. 1971 ஆம் ஆண்டில் வில்சன், ஹரிசன் என்னும் இருவர் அமெரிக்க மிருக வைத்திய சஞ்சிகையொன்றில் விவரித்த முறை, பின்வந்த பல முறைகளுக்கு அடிப்படையாயிற்று. நமது பகுதியிலே பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை இருப்பது நமது நற்பேறு.

சிகிச்சை முடிந்து பூனை வீடு திரும்புகிறது. இனிச் செய்யவேண்டியது யாது? இங்கேதான் அன்புடையவர்கள் தவறிவிடுகிறார்கள். புண்ணைக் கண்டதும் எதையேனும் பூசவேண்டும், கழுவவேண்டும், தடவிக்கொடுக்கவேண்டும் என்று மனம் பதைக்கிறது. ஆனால், இப்பூனைக்கு முதல் இரண்டு வாரங்களில் வேண்டியது கைவேலையன்று, கண்காணிப்பு.

புதிய வாயிலின் விளிம்புகள் ஒழுங்காகப் பொருந்தி ஆறினால் வழி அகன்று நிற்கும். நக்கியும் கடித்தும் தையலைப் பிரித்துவிட்டால், அவ்விடத்திலே தடித்த தழும்பு வளர்ந்து, திறந்த வழி மறுபடியும் சுருங்கும். ஆகையால், வைத்தியர் கழுத்திலே மாட்டியனுப்பும் கூம்பு வடிவப் பட்டையை, அவர் சொல்லும்வரை கழற்றக்கூடாது. பெரும்பாலும் அது 10 முதல் 14 நாட்கள் வரை இருக்கும். பூனை சுவரில் முட்டும், பின்னோக்கி நடக்கும், நம்மைப் பரிதாபமாகப் பார்க்கும். ஓரிரு நாளிற் பழகிவிடும். இரக்கப்பட்டுச் சற்று நேரம் கழற்றிவிட்டால், அந்தச் சற்று நேரத்துக்குள் தையல் முழுவதையும் அது பிடுங்கிவிடக்கூடும். பட்டை தடுக்காதபடி உணவைத் தட்டையான கோப்பையிலிட்டுச் சற்றே உயரத்தில் வைத்தால் உண்பது எளிதாகும்.

அடுத்தது இருப்பிடம். பூனையை ஒரு சிறிய அறையிலே தனியாக வைத்தல் வேண்டும். மலைநாட்டு மழைக்காலத்துச் சீமெந்துத் தரை குளிரும்; பழைய சாரமொன்றை மடித்து விரித்துவிடுங்கள். ஏறிக் குதிக்க இடமிருத்தல் ஆகாது. சிறுவர்களும் மற்றைய பூனைகளும் சில நாள் விலகியிருப்பது நன்று. தோட்டத்து மண்ணிலே கழித்துப் பழகிய பூனையாயினும், இக்காலத்தில் அதற்குத் தட்டமொன்றையே வைக்கவேண்டும். அத்தட்டத்திலும் மண்ணோ மணலோ இடலாகாது. துகள்கள் புண்ணிலே ஒட்டிக்கொள்ளும். கிழித்த காகிதத்தை இட்டு, நனையுந்தோறும் மாற்றுங்கள். காகிதத்தினால் மற்றொரு நன்மையும் உண்டு: எவ்வளவு நனைந்தது, என்ன நிறம் என்பவற்றை அது காட்டிவிடும்.

அவற்றைக் கொப்பியொன்றிலே நேரத்துடன் குறித்துக்கொள்ளுங்கள். நலமான பூனை நாளொன்றுக்குப் பொதுவாக இரண்டு முதல் நான்கு முறை சிறுநீர் கழிக்கும். சிகிச்சைக்குப் பின் சில நாட்கள் சிறுசிறு அளவாக அடிக்கடி கழிப்பதும், இளஞ்சிவப்பு நிறம் தோன்றுவதும், துளிதுளியாகக் கசிவதும் உண்டு. இவை படிப்படியாகக் குறையவேண்டும். புண்ணின்மேல் உறைந்த இரத்தத்தைப் பிடுங்காதீர்கள். சுற்றியுள்ள உரோமம் மிக அழுக்கானால், கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சினால் மெல்ல ஒற்றியெடுத்தாற் போதும். மஞ்சள், தேங்காயெண்ணெய், தைலம், கிருமிகொல்லித் திரவம் முதலிய எதுவும் வேண்டாம்.

நேயர்களே, மருந்து பற்றி ஓர் எச்சரிக்கை. பனடோல் என்று நாம் வழங்கும் பரசிட்டமோலை எக்காரணங் கொண்டும் பூனைக்குக் கொடுக்கலாகாது. நமது ஈரல் அம்மருந்தை மாற்றி வெளியேற்றும் முறை பூனையின் ஈரலிலே மிகக் குறைவு. அதனால் அதன் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கிறது. ஒரே ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதும். அஸ்பிரினும் இபுபுறொபனும் அவ்வாறே ஆபத்தானவை. வைத்தியர் தந்த வலி நிவாரணியை, அவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் மட்டும் கொடுங்கள்.

உணவிலே முதன்மையானது நீர். சிறுநீர் ஐதாக ஓடினால் படிகங்கள் தங்குவது குறையும். வைத்தியர் தனியுணவு விதித்திருந்தால் அதனையே கொடுக்கவேண்டும். இல்லையேல், உலர்ந்த உணவைக் குறைத்து ஈரமான உணவைக் கொடுத்தல் நலம். அவித்த மீனையோ கோழியையோ அவித்த நீருடன் பிசைந்து வைக்கலாம். ஆனால் அதில் உப்பும் வெங்காயமும் உள்ளியும் சேரலாகாது. வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதியணுக்களை அழிப்பவை. கருவாடும் மாசியும் உப்பு மிகுந்தவையாதலால் அவற்றையும் விலக்குங்கள். நீர்க் கிண்ணங்களை இரண்டு மூன்று இடங்களில், தட்டத்துக்கு எட்டத்தில் வையுங்கள். முழுநாளும் உண்ணாத பூனையைப் பசித்தால் உண்ணுமென்று விட்டுவிடக்கூடாது. சில நாட் பட்டினியே அதன் ஈரலைக் கெடுத்துவிடும்.

எப்பொழுது வைத்தியரிடம் விரையவேண்டும்? முக்கியும் சிறுநீர் வாராதபோது தாமதமே கூடாது. அரை நாளாகத் தட்டம் நனையாதிருந்தாலும், இரத்தம் நில்லாமல் வடிந்தாலும், தையல் விலகினாலும், தொடைப்புறமோ அடிவயிறோ வீங்கினாலும், வாந்தியோ சோர்வோ கண்டாலும் உடனே புறப்படவேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கும் நோயன்று இது. அக்குறணைவாசிகளுக்கு இன்னொரு சிந்தனையும் வேண்டும். கடுமழையிலே பிங்கா ஓயா பெருகினால் நகரின் பிரதான வீதியே நீரில் மூழ்கிப் போக்குவரத்துத் தடைப்படுவது அவர்கள் பலமுறை கண்டது. ஆகவே, வேறு வழியால் அடையக்கூடிய வைத்தியர் யார், அவரது தொலைபேசி இலக்கம் யாது, இரவிலே வரக்கூடிய முச்சக்கரவண்டிக்காரர் யார் என்பவற்றைப் பூனை வீடு வந்த அன்றே எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பது அறிவுடைமை.

இறுதியாக ஒன்று. சத்திரசிகிச்சை வழியை அகலமாக்குகிறதேயன்றி, நோயின் வேரை அகற்றுவதில்லை. படிகங்கள் மீண்டும் தோன்றலாம். சிறுநீர் வழி நீளங் குறைந்ததாகவும் அகன்றதாகவும் ஆகிவிட்டமையால் கிருமிகள் சிறுநீர்ப்பையை எளிதில் அடையலாம். வீடு மாறுதல், புதிய பூனையின் வரவு போன்ற மனக்கலக்கங்களும் சிறுநீர்ப்பை அழற்சியைத் தூண்டக்கூடும். ஆதலால் நீர் நிறைந்த உணவும், அமைதியான இடமும், தூய தட்டமும், குறித்த காலத்துச் சிறுநீர்ப் பரிசோதனையும் அதன் ஆயுள் முழுதும் வேண்டப்படுவன.

தன் நோயைச் சொல்ல வாயற்ற பிராணி அது. தட்டத்திலே கிடக்கும் நனைந்த காகிதமே அது நமக்கு எழுதும் கடிதம். நாள்தோறும் அதனை வாசிக்கத் தவறாத வீட்டிலே, அக்கடுவன் பூனை மீண்டும் மிளகுக் கொடியோரத்து மதிலில் ஏறி வெயில் காயும் நாள் விரைவில் வரும்.