பழைய மினிக்குப் புது 'ஹப்' பாகமா? பூட்டும் முன் அளந்து பாருங்கள்

வார இறுதியில் மட்டும் வெளியே எடுக்கும் பழைய மினி கார். போன மாதம்தான் முன்சக்கரத்துக்குப் புது பேரிங், புது டிரைவ் ஃபிளாஞ்ச் எல்லாம் போட்டீர்கள். ஆனால் வண்டி வேகமெடுத்ததும் 'ஊம்ம்'னு ஒரு சத்தம். பிரேக்கை முதல் தடவை மிதித்தால் கால் ஆழமாக இறங்குகிறது. உடனே இன்னொரு தடவை மிதித்தால் சரியாக இருக்கிறது.

"எல்லாம் புதுசாச்சே, அதுல என்ன கோளாறு இருக்கப்போகுது?" என்று பிரேக் பம்ப்பை மாற்றக் கிளம்பிவிடாதீர்கள். கோளாறு அந்தப் புது பாகத்திலேயே இருக்கலாம்.

சிங்கப்பூரில் 'கிளாசிக்' வாகனமாகப் பதிய, காருக்குக் குறைந்தது 35 வயது ஆகியிருக்கவேண்டும். அப்படிப்பட்ட வண்டிகளை நாள்கணக்கு வைத்துத்தான் ஓட்ட முடியும். கிடைக்கும் சில நாள்களையும் வொர்க்‌ஷாப்பில் கழிக்க யாருக்குத்தான் மனம் வரும்?

ஒரே ஒரு நட்டு

பிரிட்டனில் உருவான மினி, 1959இலிருந்து 2000 வரை தயாரிக்கப்பட்டது. ஐந்து மில்லியனுக்கும் அதிகமான கார்கள். 1984இலிருந்து எல்லா மினிகளுக்கும் முன்பக்கம் டிஸ்க் பிரேக் வந்தது. அந்த மாடல்களிலும், அதற்கு முந்திய கூப்பர் எஸ்ஸிலும் முன்சக்கர ஹப்பில் இரண்டு 'டேப்பர் ரோலர்' பேரிங் இருக்கும். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது. டிரம் பிரேக் மினிகளின் அமைப்பு வேறு.

டேப்பர் பேரிங் என்பது கூம்பு வடிவம். உள்வளையம் வெளிவளையத்துக்குள் எவ்வளவு தூரம் நுழைகிறதோ அவ்வளவு இறுகும். அது எவ்வளவு நுழையவேண்டும் என்பதை மினியில் தீர்மானிப்பது, இரண்டு உள்வளையங்களுக்கும் நடுவே இருக்கும் ஒரு சின்ன இரும்பு வளையம். அதை ஸ்பேஸர் என்பார்கள். பார்த்தால் ஒன்றுமே இல்லாத சாமான் மாதிரி இருக்கும்.

டிரைவ் ஷாஃப்ட்டின் முனை, உள்வளையங்கள், ஸ்பேஸர், டிரைவ் ஃபிளாஞ்ச் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து நெருக்கிப் பிடிப்பது ஒரே ஒரு பெரிய நட்டுதான். சக்கரமும் டிஸ்க்கும் அந்த ஃபிளாஞ்சில்தான் தொங்குகின்றன. மினியின் சாதாரண வீல் நட்டை ஏறத்தாழ 60 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினால் போதும். ஹப் நட்டுக்கோ பல மாடல்களில் 200 நியூட்டன் மீட்டருக்கும் மேல் தேவை. சரியான அளவு மாடலுக்கு மாடல் மாறும். மேனுவலைப் பார்க்காமல் கைக்கணக்கில் முடுக்கவேண்டாம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஸ்பேஸர் கொஞ்சம் குட்டையாக இருந்தால், நட்டை முடுக்க முடுக்கப் பேரிங் நசுங்கும், சூடேறும், கிரீஸ் உருகி வெளியேறும். நீளமாக இருந்தால் எவ்வளவு முடுக்கினாலும் சக்கரம் ஆடும். இங்கே 'கொஞ்சம்' என்பது தலைமுடியின் தடிமனுக்கும் குறைவு. அதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் பேரிங்கையும் ஸ்பேஸரையும் ஜோடி சேர்த்து ஒரே பெட்டியில் கொடுக்கிறார்கள். இடது பக்கப் பெட்டியின் ஸ்பேஸரை வலது பக்கத்தில் போட்டாலே கணக்குக் கெட்டுப்போகலாம்.

அந்த முதல் மிதி ஏன் ஆழமாக இறங்குகிறது?

ஃபிளாஞ்சின் முகம் துல்லியமாகக் கடையப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து 50 மில்லிமீட்டர் தூரத்தில் 0.1 மில்லிமீட்டர் கோணல். டிஸ்க்கின் விளிம்பு நடுவிலிருந்து ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கே அதே கோணல் இரண்டு மடங்காகத் தெரியும்.

அப்படி ஆடும் டிஸ்க், ஓடும்போதே பிரேக் பேடுகளைத் தட்டித் தட்டி உள்ளே தள்ளிவிடும். அடுத்த முறை நீங்கள் பிரேக் பிடிக்கும்போது, முதல் மிதி அந்த இடைவெளியை நிரப்பத்தான் போகும். இரண்டாவது மிதிதான் வண்டியை நிறுத்தும். நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரி திடீரென்று நின்றால், இரண்டாவது மிதிக்கு நேரம் இருக்காது.

புது பாகம் ஏன் சரியில்லாமல் போகிறது?

கார் உற்பத்தி நின்று கால்நூற்றாண்டு ஆகிவிட்டது. அசல் வரைபடம் இல்லாமல், கையில் கிடைத்த பழைய பாகத்தை அளந்து நகல் எடுப்பவர்களும் உண்டு. தேய்ந்துபோன மாதிரியை அளந்தால், புது பாகம் தேய்மானத்தோடு சேர்ந்தே பிறக்கும்.

உலோகமும் முக்கியம். பேரிங் வளையம் ராக்வெல் அளவில் 60க்குப் பக்கத்தில் கடினமாக இருக்கவேண்டும். சூட்டுப் பதப்படுத்தலில் காசை மிச்சம் பிடித்தால் ரோலர்கள் ஓடும் பாதையில் சீக்கிரமே குழி விழும். அது கண்ணுக்குத் தெரியாது. பெட்டி பளபளவென்றுதான் இருக்கும்.

பெயர்பெற்ற பிராண்டின் பெட்டியில் வரும் போலிகள் தனிக் கதை. உலகப் பேரிங் சங்கம் இதற்கென்றே விழிப்புணர்வு இயக்கம் நடத்துகிறது. எஸ்கேஎஃப் நிறுவனம், படம் எடுத்து அனுப்பிச் சரிபார்க்கும் கைத்தொலைபேசிச் செயலியே வைத்திருக்கிறது. விலை பாதியாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் விலை அதிகம் என்பதற்காக நம்பிவிடவும் முடியாது.

பூட்டும்போது என்ன கவனிக்கவேண்டும்?

முதலில், பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். உங்களிடம் இருக்கும் ஒரே அசல் அளவுகோல் அதுதான். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து மைக்ரோமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். புது ஃபிளாஞ்சை ஷாஃப்ட்டின் பல்வரிசையில் செருகி, கையால் திருகிப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆடினால் அது வேண்டாம். உண்மையைச் சொன்னால், பழைய அசல் ஃபிளாஞ்ச் நல்ல நிலையில் இருந்தால் அதையே மறுபடி போடுவது மேல்.

அடுத்தது ஒத்திகை. கிரீஸும் ஆயில் சீலும் இல்லாமல், லேசாக எண்ணெய் தடவி எல்லாவற்றையும் கோத்து, நட்டை முழு அளவுக்கு முடுக்கவேண்டும். பிறகு கையால் சுழற்றினால் வழுக்கிக்கொண்டு ஓடவேண்டும். பிடித்து ஆட்டினால் ஆட்டம் உணரக்கூடாது. இறுகினால் ஸ்பேஸர் குட்டை. ஆடினால் நீளம். சில வேளை வெளிவளையம் அடிவரை இறங்கி உட்காராமல் இருந்தாலும் இப்படி ஏமாற்றும், அதையும் பார்த்துவிடுங்கள். டயல் கேஜ் இருந்தால் ஃபிளாஞ்சின் கோணலையும் அப்போதே அளந்துவிடலாம். அரை மணி நேர வேலை. "அதெல்லாம் தேவையில்லண்ணே" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் கொஞ்சம் பிடிவாதம் பிடியுங்கள்.

நட்டுக்கு அடியில் பிளவுபட்ட கூம்பு வளையம் ஒன்று வரும். அது சில வேளை, ஃபிளாஞ்ச் முழுதாக உள்ளே போய் உட்காரும் முன்பே ஷாஃப்ட்டைக் கவ்விக்கொள்ளும். நட்டு இறுகியதுபோல் தெரியும், உள்ளே எதுவும் இறுகியிருக்காது. அனுபவசாலிகள் முதலில் தட்டையான தடித்த வாஷரைப் போட்டு முழு அளவுக்கு முடுக்கி, பின்னர் அதைக் கழற்றிவிட்டுக் கூம்பு வளையத்தைப் போட்டு மறுபடி முடுக்குவார்கள். அந்த ஒரு படியைத் தவிர்த்ததால், நல்ல பாகத்தையே 'டுப்ளிகேட்' என்று திட்டியவர்களும் இருக்கிறார்கள்.

வண்டி வெளியே வந்ததும், அதிகம் பிரேக் பிடிக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு இரண்டு பக்க ஹப்பின் சூட்டையும் ஒப்பிடுங்கள். சின்ன அகச்சிவப்பு வெப்பமானி போதும். ஒரு பக்கம் மட்டும் அதிகம் கொதித்தால் உடனே கழற்றவேண்டியதுதான்.

பணம் திரும்பக் கிடைக்குமா?

சிங்கப்பூரில் இருக்கும் கடையில் வாங்கியிருந்தால், 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள 'லெமன்' சட்டம் உங்களுக்குக் கைகொடுக்கும். பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படும். இல்லை என்றால் அதை நிரூபிப்பது விற்பவரின் பொறுப்பு. ஒத்துவரவில்லை என்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் விசாரிக்கும்.

இணையத்தில் வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கியிருந்தால் கதை வேறு. அங்கே உங்களுக்குத் துணை, ஆதாரம் மட்டும்தான். பெட்டியைப் பிரிக்கும்போதே படம் எடுங்கள். மைக்ரோமீட்டர் காட்டும் எண்ணையும் சேர்த்து எடுங்கள். பேரிங்கை ஹப்பில் அடித்து இறக்கிய பிறகு, "நீங்க பூட்டும்போதுதான் கெட்டுப்போச்சு" என்று விற்பவர் சொன்னால் அதை மறுக்க உங்களிடம் வேறு எதுவும் இருக்காது.