முன்மாதிரி நிரல் இணைய மறுக்கும்போது

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் வழியில், பாகாலாவை அடுத்துக் காதங்கி என்னும் சிற்றூர் உளது. அங்கே 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் ராடார் ஒன்று 1024 யாகி அலைவாங்கிகளை வானை நோக்கிப் பரப்பி நிற்கின்றது. 1990களின் தொடக்கம் முதல் மேலடுக்குக் காற்றை ஆராய்ந்துவரும் அந்நிலையம், 2005 முதல் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் என வழங்குகின்றது. அதனைக் கண்டு வளிமண்டலக் கணக்குகளில் நாட்டங்கொள்ளும் கல்லூரி மாணாக்கர் முதலில் இடறும் கல் ஒன்றைப்பற்றிச் சில சொல்வோம்.

காற்று, வெப்பம், ஈரம் ஆகியவற்றின் அளவுகளை உலகெங்கும் நெட்சிடிஎஃப் என்னும் வடிவிற் சேமிப்பது வழக்கம். அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள யூனிடேட்டா என்னும் அமைப்பு அவ்வடிவத்தை வகுத்து, அதற்குரிய சி மொழி நூலகத்தை மூலநிரலோடு யாவர்க்கும் இலவசமாக வழங்கி வந்துள்ளது. அதனுடன் வரும் முன்மாதிரி நிரல்களுள் மிக எளியன இரண்டு. ஒன்று, 6 வரிசையும் 12 பத்தியும் கொண்ட எண் அட்டவணையை ஒரு கோப்பில் எழுதும். மற்றொன்று, அதனைப் படித்துச் சரிபார்க்கும். நிரலில் பிழை ஏதும் இல்லை. ஆயினும் புதியவர் அதனை ஓட்ட முனைந்தால் திரை நிறையப் பிழைச்செய்தி! தமக்குச் சி மொழியே வரவில்லை என்று முடிவு கட்டி, ஆய்வையே கைவிடுவோரும் உளர்.

செய்தி எங்கிருந்து வருகின்றது என்பதையே முதலில் நோக்கவேண்டும். கடைசி வரியை அன்று, முதல் வரியைப் படியுங்கள்.

தலைப்புக் கோப்பு காணப்படவில்லை என்று சொல்வது கம்பைலர். உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் நூலகம் இரு பொதிகளாகப் பிரிந்து வரும். நிரலை ஓட்டுவதற்கு ஒன்று போதும். நிரலை ஆக்குவதற்கோ பெயரின் இறுதியில் 'டெவ்' என்னும் ஒட்டுடைய மற்றொன்றும் வேண்டும். தலைப்புக் கோப்பு இருப்பது பின்னதில்தான்.

'வரையறுக்கப்படாத சுட்டு' என்று சொல்வது லிங்கர். இது வந்தால் சற்றே மகிழலாம். உங்கள் சி நிரல் பிழையின்றி மொழிபெயர்க்கப்பட்டுவிட்டது! நூலகத்தின் பெயரை ஆணையிற் குறிப்பிடாமையே பெரும்பாலும் காரணம். குறிப்பிட்டும் தீரவில்லையாயின், வரிசையை நோக்குக. லிங்கர் இடமிருந்து வலமாகச் செல்வது. நூலகத்தை முன்னும் நிரலைப் பின்னும் எழுதினால், பட்டியல் கைக்கு வருமுன்னரே கடைத்தெருவைக் கடந்துவிட்டவன் நிலை அதற்கு நேரும். எனவே நூலகத்தை இறுதியில் எழுதவேண்டும். நிலைநூலகமாக இணைப்பின், நெட்சிடிஎஃப் தான் சார்ந்திருக்கும் எச்டிஎஃப்5 முதலியவற்றையும் அதன்பின் வேண்டும். இவற்றை நினைவிற் சுமக்க வேண்டுவதில்லை; என்சி-கான்ஃபிக் என்னும் சிறு கருவி தேவையான சொற்களை அச்சிட்டே தந்துவிடும்.

மூன்றாவது, ஆக்கிய நிரலை ஓட்டும்போது பகிர்வு நூலகத்தைத் திறக்க இயலவில்லை என்னும் செய்தி. நூலகம் இருக்கும் கோப்புறையை இயக்கமுறைமை அறியவில்லை என்பதே பொருள். எல்டிடி என்னும் கருவி எது அகப்படவில்லை எனக் காட்டும். எல்டிகான்ஃபிக் பெரும்பாலும் அதனைத் தீர்க்கும்.

எழுதும் நிரலை ஓட்டாமலே படிக்கும் நிரலை ஓட்டிவிட்டு, கோப்பு இல்லை என்னும் செய்தி கண்டு நூலகத்தை மீண்டும் நிறுவுவோரும் உண்டு. அதற்கும் நூலகத்துக்கும் தொடர்பில்லை.

இவற்றினும் கொடியது செய்தியே தராத பிழை. முன்பொரு காலத்தில் கையால் ஆக்கிய நூலகம் ஒருபுறம், லினக்ஸோடு வந்தது ஒருபுறம், கோண்டா கொணர்ந்தது மற்றொருபுறம் என ஒரே கணிப்பொறியில் மூன்று பதிப்புகள் இருத்தல் கூடும். ஒன்றன் தலைப்புக் கோப்பும் வேறொன்றன் நூலகமும் கூடினால், நிரல் இணைந்தும் தவறாக நடக்கலாம். காணாத கோப்பை இயக்கமுறைமையின் கோப்புறைக்குள் நகலெடுத்துப் போடுங்கள் என்று நண்பர்கள் கூறும் யோசனை இக்குழப்பத்தையே வளர்க்கும், அதனை ஏற்கவேண்டா. எந்த என்சி-கான்ஃபிக் விடை தருகின்றது என்பதை 'விச்' என்னும் ஆணையால் முதலில் கேட்டறிக.

இரு நிரல்களும் ஓடியபின், என்சிடம்ப் என்னும் கருவியால் அக்கோப்பைத் திறந்து நோக்குக. 0 முதல் 71 வரை எண்கள் ஒழுங்காக நிற்கும்.