சம்பள உயர்வும் வைத்திய இழப்பும்

திருவள்ளூர் ஜில்லா அத்திப்பட்டு, கும்மிடிப்பூண்டி வட்டாரத் தொழிலாளருக்குச் சம்பள உயர்வே சில சமயம் சங்கடமாக முடிகிறது. 1948-ஆம் வருஷச் சட்டப்படி ஏற்பட்ட இ.எஸ்.ஐ. திட்டத்தின் சம்பள வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அச்சம்பளத்தில் தொழிலாளி மாதம் சுமார் 158 ரூபாயும் முதலாளி சுமார் 683 ரூபாயும் செலுத்த, குடும்பம் முழுவதற்கும் வைத்தியம் கிட்டுகிறது. வரம்பைத் தாண்டியவருக்கோ சலுகைக் காலம் கழிந்ததும் அவ்வுரிமை அற்றுப்போகிறது. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்பட்டவராதலின், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் அவருக்கு இடமில்லை. தாமே வாங்கும் தனியார் இன்ஷூரன்ஸிலோ வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும். 2025 செப்டம்பரில் அதன் மீதிருந்த 18 சதவிகித வரியைச் சர்க்கார் நீக்கியது நன்றே. ஆயினும் மூலச் சுமை குறையவில்லை. ஒரு ரூபாய் அதிகம் பெற்றவரை நோய் விட்டுவிடுமா? விலைவாசியையொட்டி வரம்பும் வருஷந்தோறும் உயர விதி செய்வதே நியாயம்.