கைத்தொலைபேசியோடு வரும் செயலி

நம் தோட்டங்களில் புழங்கும் கைத்தொலைபேசிகளுள் பெரும்பாலானவை அண்ட்ரொய்டில் இயங்குபவை. அதன் அடித்தளம் திறந்த மூலம். அதாவது, அதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். ஆயினும் சில உற்பத்தியாளர்கள் பேஸ்புக் போன்ற செயலிகளை முன்கூட்டியே சேர்த்து விற்கின்றனர். பல தொலைபேசிகளில் அவற்றை நீக்க முடியாது, முடக்கவே முடியும். லினியேஜ் என்னும் திறந்த மூல இயங்குதளமோ சமூக ஊடகச் செயலி எதையும் சேர்ப்பதில்லை. வேண்டுபவர் தாமே நிறுவிக்கொள்கிறார்.

இவ்வேறுபாடு சிறிதன்று. 2018 மார்ச்சில் திகனயிலும் கண்டியின் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம் மக்கள் தாக்கப்பட்டபோது, வெறுப்புச் செய்திகள் பேஸ்புக்கில் பரவின. அரசு அதைத் தற்காலிகமாகத் தடைசெய்தது. 2020 மே மாதத்தில் அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியது. வெறுப்பு மனித உள்ளத்தில் பிறப்பது. செயலி அதற்கு வாகனமாகிறது. அவ்வாகனத்தை வீட்டுக்குள் விடுவதா என்பதை விற்பவரல்ல, வாங்குபவரே தீர்மானிக்க வேண்டும். வேண்டாத செயலிகளை முடக்கும் முறையை நம் இளைஞர் மன்றங்கள் கற்றுக்கொடுக்கட்டும்.