பூனைக்காலி

வேலியோரத்தில் பழுப்புநிற மயிர் போர்த்த காய்கள் கொத்தாகத் தொங்கினால் தொட்டுவிடாதீர்கள், நேயர்களே. அது பூனைக்காலிக் கொடி. காயின் சுணை மேலே பட்டால் தாங்க முடியாத அரிப்பு. தேய்த்தால் இன்னும் பரவும். ஆனால் உள்ளிருக்கும் விதை அருமையானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் காணிக்காரப் பழங்குடியினர் அதைப் பலமுறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டே உண்பார்கள். நஞ்சைக் கழிக்கத் தெரிந்த அந்த அறிவு எவ்வளவு நுட்பமானது! சித்த மருத்துவத்திலும் இந்த விதைக்கு நெடுங்காலமாக இடமுண்டு. 1937-இல் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்ற இரு ஆய்வாளர்கள் இதிலிருந்து எல்-டோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். கைகால் நடுக்கம் தரும் பார்க்கின்சன் நோய்க்கு இன்றும் முதன்மையான மருந்து அதுதான். விதையை நீங்களாக வாங்கித் தின்ன வேண்டாம். அளவு மிஞ்சினால் வாந்தியும் மனக்குழப்பமும் வரும்.